இருபத்தொன்பதாம் வரி

பத்தேகால் மணிக்கு மெர்லின் நான்காவது முறையாகக் கணினியில் கூட்டுத்தொகைக் கட்டத்தைத் தொட்டுப் பார்த்தாள். போன மாதம் தேயிலைக் காட்டில் போட்ட எடை, முப்பத்தெட்டாயிரத்து இருநூற்று நான்கு கிலோ. மூன்று முறை வந்த அதே எண். நான்காவது முறை மாறிவிடும் என்று எந்த நம்பிக்கையில் தொட்டோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு வந்த பிறகும் நடுவழியில் திரும்பிப் போய்ப் பூட்டை ஆட்டிப் பார்ப்பாளே, அந்தப் புத்திதான். ஃபேக்டரி எடைமேடைக் கணக்கு பக்கத்தில் அச்சடித்த தாளில் கிடந்தது: முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து. காட்டில் எடை போட்ட கொழுந்து லாரியில் ஏறி ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்வதற்குள் கொஞ்சம் வாடும், கொஞ்சம் எடை குறையும். குறையத்தான் வேண்டும். இங்கே ஃபேக்டரியில் இருநூற்று ஆறு கிலோ கூடியிருக்கிறது. “லாரியில ஏறின கொழுந்து வழியில குட்டி போட்டுச்சாம்மா?” என்று காலையிலேயே ஹெட் கிளார்க் சதாசிவம் சார் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் இல்லை, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. கோபப்பட்டால் அழுதுவிட்டு வேலையைப் பார்க்கலாம். மாதக் கணக்கு நேற்று மாலை அவள் கையால் கோயம்புத்தூர் அலுவலகத்துக்குப் போனது. இன்று காலை அங்கிருந்து திரும்பி வந்தது. வித்தியாசத்துக்குக் காரணம் எழுத்தில் வேண்டும், பன்னிரண்டு மணிக்குள். காரணம் திருப்தியாக இல்லையென்றால் ஆள்வாரிக் கணக்கு முழுவதையும் அனுப்ப வேண்டும். அவளுடைய மூன்று மாதத் தற்காலிக வேலை வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரம் செய்வார்களா மாட்டார்களா என்பது அதே கோயம்புத்தூரில் இருந்துதான் வர வேண்டும். இன்று செவ்வாய்.

சூத்திரத்தைப் பார்த்தாள். முதல் வரியிலிருந்து முப்பத்தெட்டாம் வரிவரை, முப்பத்தெட்டுப் பெண்கள், இருபத்தைந்து வேலை நாட்கள், ஒன்றும் விடுபடவில்லை. மறைத்து வைத்த வரி ஏதாவது உண்டா என்று ஓரத்து எண்களை விரலால் தொட்டு எண்ணினாள், ஒன்று இரண்டு மூன்று என்று உதடு அசைய, அசைகிறது என்று தெரிந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டு. கல்லூரியில் வாய்மொழித் தேர்வன்று இப்படித்தான் உதடு அசைந்துகொண்டே இருந்தது. வெளியிலிருந்து தேர்வு நடத்த வந்திருந்த பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “என்னம்மா, ஜெபம் பண்றியா?” என்று கேட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். பதில் தெரிந்த கேள்விதான். ஆனால் தெரியும் என்று சொல்லிவிட்டு அது தப்பாகப் போனால் என்ன செய்வது என்ற யோசனையிலேயே நேரம் போய், தெரியாது என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கணிதப் பட்டம். தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளில் இருந்து முதல் பட்டம். அம்மா சவரியம்மாள் இந்த அலுவலகத்துக்கு வந்தால் வெளியே ஜன்னலண்டை நின்றுதான் பேசுவாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு. மெர்லின் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். உட்கார்ந்த முதல் வாரம் முழுக்க அந்த நாற்காலியில் முதுகைச் சாய்க்கவே இல்லை. இப்போதும் சாய்க்கவில்லை. ஃபேக்டரியிலிருந்து வறுத்த தேயிலை வாசனை மூடுபனியோடு சேர்ந்து உள்ளே வந்தது. பசியையும் குமட்டலையும் ஒன்றாகக் கிளப்புகிற வாசனை. ஒரு எண்ணை மாற்றினால் போதும். கூட்டுத்தொகைக் கட்டத்தில் சூத்திரத்தை அழித்துவிட்டு முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு என்று அடித்தால் கட்டம் அதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும். காரணம், தட்டச்சுப் பிழை. யாருக்குத் தெரியப்போகிறது. தெரியப்போவதில்லை என்பதுதான் அவளைத் தடுத்தது. யாருக்கும் தெரியாத தப்பை அவள் எத்தனை வருஷம் சுமப்பாள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆறாம் வகுப்பில் பக்கத்துப் பெண்ணின் ரப்பரைத் திருப்பிக் கொடுக்க மறந்ததை இன்னும் சுமக்கிறாள்.

மொத்தமாகப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது, நாள் நாளாகப் பிரிக்க வேண்டும் என்று தோன்றியபோது பத்து நாற்பது. இதை முதலிலேயே செய்திருக்கலாம். பயந்தவளுக்கு எளிய வழி கடைசியில்தான் கண்ணில் படும் போல. ஒவ்வொரு நாளும் காட்டு எடை, ஃபேக்டரி எடை, இரண்டுக்கும் வித்தியாசம். முதல் நாள் காட்டில் பத்து கிலோ கூட. இரண்டாம் நாள் ஒன்பது. எட்டாம் நாள்வரை அப்படியே, ஒழுங்காக, கொழுந்து வாடுகிறபடி. ஒன்பதாம் நாள் புரண்டுவிட்டது. காட்டில் பதினாறு குறைவு. அன்று முதல் மாதக் கடைசிவரை, பதினேழு நாளும் குறைவு. அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் இது வேறு மாதிரி அடிப்பு. கணக்கு வழிக்கு வரும்போது அடிக்கும் அடிப்பு. சூப்பர்வைசர் சிலுவைமுத்துவின் எடை நோட்டை எடுத்து ஒன்பதாம் நாள் பக்கத்தைத் திறந்தாள். மழை பட்டு உப்பிய பக்கம், ஓரத்தில் அட்டைப்பூச்சி நசுங்கிய கறை. கைபேசியில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டுப் பேரையும் ஒவ்வொன்றாகத் தட்டினாள். கால்குலேட்டர் சொன்னது கணினி சொன்னதைவிட இருபத்தைந்து அதிகம். மறுபடி தட்டினாள். இருபத்தைந்து அதிகம். அப்படியானால் நோட்டிலிருந்து ஏற்றும்போது எங்கோ தவறவிட்டிருக்கிறாள். நோட்டையும் திரையையும் வரி வரியாக ஒத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று. ஒரு எழுத்து பிசகவில்லை. நோட்டில் இருப்பதுதான் திரையில். ஆனாலும் கூட்டினால் வேறு. இந்த இடத்தில் அவளுக்கு உண்மையிலேயே பயம் வந்தது. கூட்டல் என்று ஒன்று உலகத்தில் நம்பக்கூடியதாக இருந்தது, அதுவும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது.

“ஆச்சாம்மா?” என்றார் சதாசிவம் சார், கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல்.

“பாத்துக்கிட்டிருக்கேன் சார்.”

“பாத்துக்கிட்டே இருந்தா அது வெக்கப்பட்டு ஓடிரும். புடிச்சு இழு.”

அவள் பிடித்து இழுத்தாள். சுட்டியை முதல் வரியில் அழுத்தி மெல்லக் கீழே இழுக்க, திரையின் அடியில் தொகை ஒவ்வொரு வரிக்கும் ஏறிக்கொண்டே வந்தது. ஐம்பத்திரண்டு, தொண்ணூற்று மூன்று, நூற்று முப்பத்தாறு. பத்து வரி, இருபது வரி. இருபத்தெட்டாம் வரியில் ஏறியது. இருபத்தொன்பதாம் வரியில் ஏறவில்லை. கை அங்கேயே நின்றது. மேலே தள்ளி மறுபடி கீழே இழுத்தாள். ஏறவில்லை. அந்தக் கட்டத்தில் இருந்தது: 9+16. நோட்டிலும் அதேதான், சிலுவைமுத்துவின் சாய்ந்த கையெழுத்தில், நடுவில் ஒரு கூட்டல் குறி. அப்படியே அடித்திருக்கிறாள். ஒரு எழுத்து மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல், நோட்டில் உள்ளதை உள்ளபடி ஏற்றுவதுதான் நேர்மை என்று நினைத்து, கூட்டல் குறியையும் சேர்த்து. முன்னால் சமக்குறி போட்டிருந்தால் கணினி கூட்டியிருக்கும். போடாததால் அதற்கு இது எண் இல்லை, எழுத்து. எழுத்தை அது தாண்டிப் போய்விட்டது. கால்குலேட்டரில் தட்டும்போது அவள் விரல் தானாகவே அந்தக் குறியையும் அழுத்தியிருக்கிறது, அதனால் அங்கே சரியாக வந்தது. எழுத்து கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டும், எண் வலப்பக்கம் ஒட்டும், பார்த்த உடனே கண்டுபிடித்திருக்கலாம். ஆனால் கம்ப்யூட்டர் வகுப்பில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்தபடி அழகுக்காக எல்லாக் கட்டத்தையும் நடுவில் வைத்திருந்தாள். சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரித்தாள். பதினேழு நாளும் அதே வரி. பதினேழு இருபத்தைந்து நானூற்று இருபத்தைந்து. சேர்த்தால் முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று இருபத்தொன்பது. ஃபேக்டரி எடையைவிட இருநூற்றுப் பத்தொன்பது கூட, கொழுந்து வாடுகிறபடி. முடிந்தது. அவள் முதுகு முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்தது.

சாய்ந்தபடியே அந்த வரியை இடமிருந்து வலமாகப் படித்தாள். 9+16. 9+16. 11+14. 12+13. 8+17. 12+13. 13+12. அப்போதுதான் உறைத்தது. எல்லாம் இருபத்தைந்து. ஒரு நாள்கூட இருபத்து நான்கு இல்லை, இருபத்தாறு இல்லை. கொழுந்து பறிப்பவள் யாருக்கும் பதினேழு நாள் ஒரே எடை வராது. காட்டில் மழை இருக்கிறது, சரிவு இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது. இருபத்தைந்து கிலோ எடுத்தால் ஒரு பேர். ஒரு நாள் வேலை கணக்கில் ஏறுவதைத் தோட்டத்தில் பேர் விழுவது என்பார்கள். குறைந்தால் அரைப்பேர்; அரைப்பேர் தொடர்ந்து விழுந்தால் ஆளை நிறுத்திவிடுவார்கள்; ஆள் நின்றால் லயன் வீட்டைக் காலி பண்ண வேண்டும். இருபத்தொன்பதாம் வரி பாக்கியம் அத்தையுடையது. கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து, லீவெல்லாம் தீர்ந்து, தையல் பிரித்த கையோடு போன மாதம் ஒன்பதாம் வேலை நாளில் காட்டுக்கு இறங்கிய பாக்கியம் அத்தை. முதல் எண் அவள் பறித்தது. இரண்டாவது எண் மற்றவர்கள் தங்கள் பையிலிருந்து அள்ளிப் போட்டது. தன் கொழுந்தை அடுத்தவள் பேரில் போடக்கூடாது என்பது சட்டம். போன வருஷம் தோட்டத்தின் வேறொரு டிவிஷனில் இதற்காகக் கொடுத்தவள், வாங்கியவள், எடை போட்ட சூப்பர்வைசர் மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது கோயம்புத்தூர் காரணம் கேட்கிறது. காரணம் இந்த வரிதான். தப்பைக் கண்டுபிடித்ததற்காகச் சற்று முன்பு தான் சிரித்த சிரிப்பு அவளுக்கு நாக்கில் கசந்தது.

யார் கொடுத்தது என்று நினைத்த மாத்திரத்தில் கண் முதல் வரிக்குப் போனது. முதல் வரி சவரியம்மாள். எட்டு நாளும் ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று. ஒன்பதாம் நாள் இறங்கியிருக்க வேண்டும். இல்லை, அன்று ஐம்பத்திரண்டுதான். அன்று அவள் கொடுக்கவில்லை. மறுநாள் நாற்பத்தொன்பது. பிறகு ஐம்பது, நாற்பத்தொன்பது, மழை நாளில் நாற்பத்தேழு. மெர்லின் இந்த எண்களை முன்பே பார்த்திருக்கிறாள். தினமும் கணக்கு ஏற்றும்போது முதலில் பார்ப்பதே அம்மாவின் எடையைத்தான். இறங்குவதைப் பார்த்துப் பயந்து, அம்மாவுக்கு ரத்தம் குறைந்துவிட்டது என்று முடிவு கட்டி, வால்பாறை மருந்துக்கடையில் இரும்புச்சத்து டானிக் வாங்கி வந்து, இரண்டு வேளை கரண்டியோடு முன்னால் நின்றாள். “எனக்கு என்ன கேடு, நான் நல்லாத்தான் இருக்கேன்” என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தாள் அம்மா. கடைசி வாரம் எடை ஐம்பத்தொன்றுக்கு ஏறியபோது டானிக் வேலை செய்கிறது என்று இரண்டாவது பாட்டில் வாங்கினாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டாள். மகள் ஆபீசில் இருக்கிறாள். மகள் நல்லவள், கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள். மகளின் நேர்மைக்குப் பயந்துதான் அம்மா அந்தக் கசப்பை இரண்டு பாட்டில் குடித்தாள் என்று தோன்றியது. அது ஒரு மாதிரி அவமானமாக இருந்தது.

கைபேசியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். சிலுவைமுத்து மூன்றாவது மணியில் எடுத்தார். பின்னால் கொழுந்து வெட்டும் கத்தரிகள் சரக் சரக்கென்று ஓடுகிற சத்தம்.

“மாமா, நான் மெர்லின். நோட்டுல ஒரு வரியில கூட்டல் குறி போட்டு எழுதிருக்கீங்க.”

அவர் கத்தரிச் சத்தத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினார்.

“அத ஏன் பாப்பா அப்படியே ஏத்துன? படிச்ச புள்ள, கூட்டி ஏத்தத் தெரியாதா?”

“நோட்டுல இருக்கிறத மாத்தக் கூடாதுன்னு…”

“அட போ. நான்தான் பயந்து எழுதினேன். தராசுல ரெண்டு தடவ வச்சேன், ரெண்டா எழுதினேன். நாளைக்கு எவனாச்சும் நீ பொய் எடை எழுதினேன்னு கேட்டா, இல்லய்யா, உள்ளதத்தான் எழுதினேன்னு காட்டலாமே. இப்ப கேட்டுட்டாங்களா?”

“மொத்தம் இடிக்குது, காரணம் எழுதித் தரணும்.”

“எழுது.” அவர் குரல் இறங்கியது. “உள்ளத எழுது பாப்பா. வேற என்ன பண்ணுவ.”

உள்ளதை எழுது. எது உள்ளது? மணி பதினொன்று இருபது. மேசைக்கு வந்து உட்கார்ந்து அதையே திருப்பிப் போட்டுப் பார்த்தாள். கொழுந்து உள்ளது. நானூற்று இருபத்தைந்து கிலோவும் தோட்டத்தில் பறித்தது, ஃபேக்டரிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு கிலோவும் களவு இல்லை. பேர் மட்டும் இடம் மாறியிருக்கிறது. கோயம்புத்தூர் கேட்பது பேரையா, கிலோவையா? வித்தியாசத்துக்குக் காரணம் கேட்கிறது. வித்தியாசம் வந்தது பாக்கியம் அத்தையால் இல்லை, சிலுவைமுத்துவால் இல்லை, அம்மாவால் இல்லை. பதினேழு இடத்தில் எண்ணை எழுத்தாக அடித்தவளால். அது முழு உண்மை. அதைச் சொன்னால் வேறொன்றைச் சொல்லாமல் விடுகிறோம் என்பதும் உண்மை. இரண்டையும் இரண்டு தட்டில் வைத்துப் பார்த்தாள், தராசு எந்தப் பக்கமும் சாயவில்லை. கேட்காததைச் சொல்வது நேர்மையா? கேட்டால் சொல்வாளா? கேட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்பதை ஒத்துக்கொண்ட பிறகு கை கொஞ்சம் நிதானப்பட்டது. இருபத்தொன்பதாம் வரிக்குப் போனாள். வெறும் இருபத்தைந்து என்று அடிக்கலாம்; பார்ப்பவர் கண்ணுக்கு ஒன்றும் உறுத்தாது. சமக்குறி போட்டு =9+16 என்று அடித்தாலும் கட்டத்தில் இருபத்தைந்து என்றுதான் தெரியும்; ஆனால் கட்டத்தைத் தொட்டால் திரையின் மேலே 9+16 என்று பிரித்துக் காட்டிவிடும். ஆள்வாரித் தாளைக் கேட்டு வாங்கினால் அங்கே ஒருவன் தொடலாம். தொடுவான். அவள் வேலையும் அப்படித்தான், எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பது. வெறும் இருபத்தைந்துதான் பத்திரம். விரல் இரண்டை அழுத்தியது, ஐந்தை அழுத்தியது. அப்புறம் அந்த முதல் எண்கள் மறுபடி கண்ணில் பட்டன. ஒன்பது, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு, மழையில் எட்டு, பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து, பதினாறு, நேற்று பதினெட்டு. அத்தை தேறிக்கொண்டு வருகிறாள். தையல் பிரித்த வயிற்றோடு சரிவில் நின்று கத்தரி பிடிக்கிற ஒருத்தி ஒவ்வொரு கிலோவாக எழுந்து வருகிறாள், அது உலகத்தில் வேறெங்கும் எழுதப்படவில்லை. இருபத்தைந்து இருபத்தைந்து என்று பதினேழு தடவை அடித்தால் அவள் ஒரு அங்குலமும் நகராமல் நின்றவள் ஆகிவிடுவாள். மெர்லின் இரண்டையும் ஐந்தையும் அழித்தாள். சமக்குறியை அடித்தாள். ஒன்பது, கூட்டல், பதினாறு. பதினேழு கட்டமும். கூட்டுத்தொகை ஒவ்வொரு தடவையும் இருபத்தைந்து ஏறி, முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று இருபத்தொன்பதில் வந்து நின்றது.

காரணத்தை இரண்டு வரியில் எழுதினாள். பதினேழு பதிவுகள் என் தவறால் எண்ணாக அல்லாமல் எழுத்தாக ஏற்றப்பட்டதால் கூட்டலில் சேரவில்லை, இப்போது திருத்தப்பட்டுள்ளன. அடியில் பெயர். சதாசிவம் சார் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார்.

“என் தவறால்னு எழுதணுமா? பிழை ஏற்பட்டுவிட்டதுன்னு எழுதினா போதாதா? அதுபாட்டுக்கு ஏற்பட்ட மாதிரி இருக்கும்.”

“நான்தானே சார் அடிச்சேன்.”

“வெள்ளிக்கிழமை உன் ஃபைல எடுக்கும்போது இதுதான் மேல கெடக்கும், தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

அவர் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஆள்வாரித் தாள் திறந்திருந்தது. எந்த வரி என்று கேட்பார் என்று அவள் காத்திருந்தாள். “பத்து நிமிஷம் இருக்கு. அனுப்பு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவருக்குத் தெரியுமா, தெரியாமல்தான் போனாரா என்று அவள் மதியச் சாப்பாட்டுவரை யோசித்தாள், பிடிபடவில்லை. ஒன்றரைக்குக் கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்தது. கணக்கு ஏற்கப்பட்டது. இனி காட்டு எடையைத் தினமும் ஃபேக்டரி எடையோடு சரிபார்த்து அனுப்பவும். அவள் பெயரைப் பற்றியோ வெள்ளிக்கிழமையைப் பற்றியோ ஒன்றும் இல்லை.

நாலரை மணிக்குக் கடைசி லாரியோடு நோட்டு வந்தது. புது மாதத்தின் முதல் பக்கம். நேரே இருபத்தொன்பதாம் வரிக்குப் போனாள். சிலுவைமுத்து 25 என்று எழுதியிருந்தார். கூட்டல் குறி இல்லை. பேனாவை அழுத்தி, பிசிறில்லாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுதுவது போல எழுதியிருந்தார். இத்தனை வருஷம் தராசில் உள்ளதை உள்ளபடி எழுதிய மனிதர், அவள் ஒரு போன் செய்ததால் இன்று கூட்டி எழுதியிருக்கிறார். அப்படியே ஏற்றலாம். நோட்டில் உள்ளதை உள்ளபடி. யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. கைபேசியை எடுத்தாள்.

“மாமா, பாக்கியம் அத்தை இன்னிக்கு எவ்வளவு?”

“எழுதிருக்கேனே. இருபத்தஞ்சு.”

“அத்தை பறிச்சது எவ்வளவு?”

கத்தரிகள் நின்றுபோயிருந்த காட்டில் யாரோ ஒருத்தி பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் வந்தது.

“எதுக்குப் பாப்பா உனக்கு அது?”

“சும்மா, தெரிஞ்சுக்கணும் மாமா.”

“பத்தொன்பது” என்றார்.

அவள் சமக்குறியை அடித்தாள். பத்தொன்பது, கூட்டல், ஆறு.